வருமான வரி இல்லாத டெக்சாஸில் வீடு வாங்க நினைக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

டெக்சாஸ் மாநிலப் பிரதிநிதிகள் அவைக்குப் போட்டியிடும் ஒருவர் இர்விங்கில் உங்கள் வீடு தேடி வந்து, பள்ளி, வரி, மருத்துவம் ஆகிய மூன்றிலும் தம் நிலைப்பாட்டை அச்சிட்ட தாளைக் கொடுத்துச் சென்றதாகவும், எச்-1பி வேலை விசாவில் வந்து எட்டு மாதமே ஆன உங்களுக்கு அதனால் ஆவது என்ன என்றும் கேட்டிருந்தீர்கள். 2004இல் வந்த புதிதில் எனக்கும் அப்படியொரு தாள் கிடைத்தது. ஓட்டு இல்லாதவனுக்கு இது எதற்கு என்று படிக்காமலே எறிந்துவிட்டேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. ஓட்டுநர் உரிம விண்ணப்பத்தில் வாக்காளராகப் பதிவு செய்ய விருப்பமா என்று கேட்டிருப்பார்கள். அங்கே தவறியும் 'ஆம்' என்று குறிக்காதீர்கள். குடியுரிமை இல்லாதவர் வாக்களித்தால் நாடு கடத்தப்படும் அளவுக்குக் குற்றம். பச்சை அட்டை (கிரீன் கார்டு) வரும்வரை எந்த வேட்பாளருக்கும் ஒரு டாலர்கூட நன்கொடை தரவும் கூடாது. மாநிலத் தேர்தலுக்கும் அந்தத் தடை உண்டு.

இனி வரிக்கு வருகிறேன். 'இங்கே வருமான வரியே கிடையாது' என்று நம்மவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் அந்தப் பணத்தில் பெரும்பங்கை வீட்டு வரியாக வாங்கிவிடுகிறார்கள். சட்டமன்ற உறுப்பினர் வரி விகிதத்தை நிர்ணயிப்பதில்லை. அதைப் பள்ளி மாவட்டம் (ஒரு பகுதியின் பொதுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு), நகரம், கவுண்டி என்னும் வட்டார நிர்வாகம் ஆகியவை தனித்தனியாகச் செய்கின்றன. ஆனால் அவை எவ்வளவு உயர்த்தலாம், குடியிருக்கும் வீட்டுக்கு எவ்வளவு விலக்கு என்பதெல்லாம் மாநிலத் தலைநகர் ஆஸ்டினில்தான் முடிவாகின்றன. பள்ளி வரி கணக்கிடும்போது வீட்டின் மதிப்பில் கழிக்கும் இந்த விலக்கு 2015இல் 25,000 டாலராக இருந்தது. 2023இல் 1,00,000 ஆகி, 2025இல் 1,40,000 ஆனது. ஆகவே தாளில் முதலில் இதைத் தேடிப் படியுங்கள். வீடு வாங்கினால் அந்த விலக்குக்கு நீங்களே விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் கிடையாது, விண்ணப்பித்துத் தருவதாகப் பணம் கேட்டு வரும் கடிதங்களைக் கிழித்துப் போடுங்கள்.

நான் 2011 ஆகஸ்டில் புது வீடு வாங்கினேன். முதல் ஆண்டு வரி மிகக் குறைவாக வந்ததில் எங்களுக்கு ஒரே மகிழ்ச்சி. ஜனவரி 1ஆம் தேதி மனையில் என்ன இருந்ததோ அதற்குத்தான் அந்த ஆண்டின் வரி என்பதும், அன்று அங்கே இருந்தது வெறும் நிலம் என்பதும் எனக்குத் தெரியாது. விற்ற நிறுவனமும் சொல்லவில்லை. 2013 தொடக்கத்தில் வங்கியிலிருந்து கடிதம் வந்தது. வரிக்கென்று மாதாமாதம் பிடித்து வைக்கும் எஸ்க்ரோ கணக்கில் துண்டு விழுந்துவிட்டதால், வீட்டுக் கடனின் மாதத் தவணை 900 டாலருக்கு மேல் ஏறியிருந்தது. தங்கையின் கல்யாணத்துக்கு ஊருக்குப் பணம் அனுப்பி ஒரு வாரம்கூட ஆகவில்லை. சாப்பாட்டு மேசையில் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு, நானும் மனைவியும் இரவு வெகுநேரம் கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பள்ளியைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். இர்விங் முகவரி என்றால் இர்விங் பள்ளி மாவட்டம் என்று பொருளல்ல. இர்விங்கின் வேலி ராஞ்ச் பகுதிப் பிள்ளைகள் பலர் கொப்பல் மாவட்டப் பள்ளிகளுக்குப் போகிறார்கள். 2019இலிருந்து பொதுப் பள்ளி மாணவர் ஒருவருக்கு 6,160 டாலர் என்றே நின்றுவிட்ட அடிப்படை ஒதுக்கீட்டை 2025இல் 55 டாலர்தான் கூட்டினார்கள். அதே ஆண்டில் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு உதவ நூறு கோடி டாலர் ஒதுக்கினார்கள். வேட்பாளர் இதில் எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

மருத்துவ வாக்குறுதி உங்களை அதிகம் தொடாது. பெரிய நிறுவனங்கள் தாமே பொறுப்பேற்று நடத்தும் காப்பீடு 1974ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் வருவதால், மாநிலச் சட்டம் அதற்குப் பெரும்பாலும் பொருந்தாது. அம்மா அப்பா வருவதானால், விமானம் ஏறும் முன்பே பயணியர் காப்பீடு எடுத்துவிடுங்கள்.

குடியுரிமை பெற்ற பிறகும் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மார்ச் மாத முதன்மைத் தேர்தலுக்குப் போகாமல், நவம்பரில் அதிபர் தேர்தலுக்கு மட்டும் வரிசையில் நிற்கும் நம்மவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. வரிக்காகப் போடும் வீட்டு மதிப்பு ஏறினால் மே 15க்குள் ஆட்சேபிக்கலாம் என்பதுகூடப் பலருக்குத் தெரியவில்லை. எனக்கும் 2013இல் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. வட டெக்சாஸின் மண் நம் கரிசலைப் போன்றது; கோடையில் சுருங்கி வெடிக்கும். கோவில்பட்டியில் பிறந்த எனக்கு, வீட்டின் செங்கற்சுவரில் கோணலாக ஓடிய விரிசல் எதனால் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதை அளவுகோல் வைத்துப் படம் பிடித்து, அந்த மதிப்பை மறுஆய்வு செய்யும் வாரியத்தின் முன் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். மதிப்பில் 14,000 டாலர் குறைத்தார்கள்.