பாறை ஜாயின்ட்டின் (பாறையில் இயற்கையாக உள்ள பிளவின்) ஷியர் வலிமையை, அதாவது சறுக்கலை எதிர்க்கும் வலிமையை, களத்தில் அளப்பது எப்படி? டிரில் போட்டு எடுத்த உருளையான கோர் துண்டை லேபில் சோதித்தால் போதாதா?

அணை அஸ்திவாரத்துக்குப் போதாது. 54 மி.மீ. கோரில் ஜாயின்ட்டின் சின்னச் சொரசொரப்புதான் சிக்கும். அரை மீட்டர் நீளத்துக்கு ஏறி இறங்கும் மேடுபள்ளம் சிக்காது. களிமண் அடைத்த ஜாயின்ட் என்றால் இன்னும் மோசம். டிரில் தண்ணீரே களிமண்ணைக் கழுவிவிடும். மிஞ்சுவது நல்ல பாறை, அதன் எண்ணும் நல்லதாகவே வரும். 1959 டிசம்பர் 2 அன்று பிரான்ஸின் மால்பாசே அணை உடைந்தபோது காலைவாரியது கான்கிரீட் அல்ல, இடதுகரைப் பாறையின் பிளவுகள்.

களத்தில் ஜாயின்ட்டுக்கு மேலுள்ள பாறையை பிளாக்காக வெட்டி, மேலிருந்து அழுத்திக்கொண்டே பக்கவாட்டில் தள்ளிப் பார்ப்பதுதான் சோதனை. சர்வதேசப் பாறை இயக்கவியல் சங்கம் 1974-இல் சொன்ன பிளாக் அளவு 70 × 70 × 35 செ.மீ. சோதனை தேறுமா தேறாதா என்பது பெரும்பாலும் இந்த பிளாக்கை வெட்டும்போதே முடிவாகிவிடும். வெடி வைக்கவே கூடாது. வரிசையாகத் துளையிட்டோ ரம்பத்தாலோ அறுக்க வேண்டும். அடித்தளம் சரியாக ஜாயின்ட் மீதே அமைய வேண்டும். நான்கு பக்கமும் வெட்டியதும் அழுத்தம் விலகி ஜாயின்ட் திறந்துகொள்ளும், களிமண் உப்பும். அதனால் கடைசி வெட்டுக்கு முன்பே மேலிருந்து லேசாக அழுத்திப் பிடித்துவிடுங்கள். பிறகு பிளாக்கைச் சுற்றிக் கம்பி கட்டிக் கான்கிரீட் உறை. உறைக்கும் கீழ்ப்பாறைக்கும் நடுவே 2 செ.மீ. தெர்மாகோல் வைக்க மறந்தால் அளப்பது கான்கிரீட்டின் பிடிப்பைத்தான்.

மேலிருந்து அழுத்தும் நார்மல் ஜாக், அடிட்டின் (பாறையில் குடைந்த சுரங்கவழியின்) கூரையில் முட்டுக்கொடுத்து நிற்கும். அதற்கும் பிளாக்குக்கும் இடையே ரோலர் தட்டு அவசியம். பக்கவாட்டில் தள்ளும் ஷியர் ஜாக்கைச் சுமார் 15 டிகிரி சாய்த்து, விசைக்கோடு ஜாயின்ட்டின் மையத்தைத் தொடும்படி வைக்க வேண்டும். இல்லையென்றால் பிளாக் சறுக்குவதற்குப் பதில் கவிழப் பார்க்கும்.

சாய்வில்தான் கணக்கு பலருக்கு உதைக்கிறது. பரப்பு 0.49 ச.மீ.; 0.5 மெகாபாஸ்கலுக்கு 245 கிலோநியூட்டன் ஏற்றியிருக்கிறீர்கள். ஷியர் ஜாக் 300 கிலோநியூட்டனைத் தொட்டால், அதில் சுமார் 78 செங்குத்தாகவும் அழுத்துகிறது. நார்மல் ஜாக்கை அதே அளவு படிப்படியாகக் குறைக்காவிட்டால் உண்மையான அழுத்தம் 0.66 மெகாபாஸ்கல். ஓர் எண்ணுக்குச் சோதித்து இன்னோர் எண்ணில் வரைபடம் போடுவீர்கள்.

நார்மல் சுமை ஏற்றியதும் அவசரம் வேண்டாம். நகர்வை அளக்கும் நான்கு செங்குத்து டயல் கேஜும் 10 நிமிடத்தில் 0.05 மி.மீ.க்கும் குறைவாக அமுங்கும்வரை காத்திருங்கள். ரீடிங் எடுக்குமுன் 10 நிமிடம் ஷியர் வேகம் நிமிடத்துக்கு 0.1 மி.மீ. தாண்டக் கூடாது, பீக்குக்கு (உச்ச வலிமைக்கு) முன் குறைந்தது 10 ரீடிங். கேஜைத் தாங்கும் பீமை, சுமையால் அசையாத தூரத்தில் ஊன்றுங்கள். செங்குத்துக் கேஜ்கள் மேலெழுவதையும் விடாமல் குறியுங்கள்: பிளாக் மேடேறுகிறது என்று பொருள். உராய்வுக் கோணத்தில் சொரசொரப்பின் பங்கு எவ்வளவு என்பது அதிலிருந்துதான் தெரியும்.

முடிந்ததும் பிளாக்கைப் புரட்டி, உரசிய பரப்பை அளந்து, படமெடுத்து, களிமண் மாதிரி எடுத்துவிடுங்கள்.

செலவை மிச்சப்படுத்த ஒரே பிளாக்கை ஐந்து அழுத்தத்தில் ஓட்டுபவர்கள் உண்டு. முதல் ஓட்டத்திலேயே முனைகள் தேய்ந்துவிடுவதால் அடுத்த நான்கும் எச்ச வலிமையைத்தான், அதாவது உச்சம் தாண்டிய பின் மிஞ்சும் வலிமையைத்தான் காட்டும். பீக் வேண்டுமென்றால் ஒரே ஜாயின்ட்டில் ஐந்து தனித்தனி பிளாக், வேறு வழியில்லை.