அப்ரண்டிஸ் போன பிறகு ஊரில் என்ன மிச்சம்? – கேள்வி பதில்

கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காக ஒதுக்கும் சிஎஸ்ஆர் நிதியில் உள்ளூர் இளைஞர்களை ஓராண்டு அப்ரண்டிஸாக எடுத்து, மாதம் ஒரு தொகை கொடுத்து, ஊர் ஆட்களை ஒன்றுசேர்க்கிற வேலையைப் பழக்கும் திட்டங்களைப் பற்றி வந்த கேள்விகள் இவை. நடத்துகிறவர்கள், அதில் வேலை பார்க்கிற பிள்ளைகள், ஊர்ப் பெரியவர்கள், ஒரு தாயார் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். இந்த மதிப்பீட்டு வேலையில் பல வருடமாகக் காவிரி டெல்டாவைச் சுற்றிவருகிறேன். அதில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

12 ஊர்களில் 24 பேரை ஓராண்டு போட்டிருந்தோம். எத்தனை கூட்டம், எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை வாய்க்கால் தூர்வாரினோம் என்று எல்லாக் கணக்கும் கையில் இருக்கிறது. போர்டில் "சரி, இதனால் என்ன தாக்கம்?" என்று கேட்டுவிட்டார்கள். எதை எழுதுவது மேடம்? – சிஎஸ்ஆர் அலுவலர், தஞ்சாவூர்

உங்கள் கையில் இருப்பது செய்த வேலையின் கணக்கு. அதுவும் வேண்டும்தான். போர்டு கேட்பது, அந்த வேலையால் ஊரில் எது மாறியது, மாறினது எவ்வளவு நாள் நின்றது என்று.

நேரில் பார்த்த இரண்டு ஊர்களைச் சொல்கிறேன். இரண்டும் திருத்துறைப்பூண்டி பக்கம். ஒரே திட்டம், ஒரே வருடம். முதல் ஊரில் இருந்த பையன் படு சுறுசுறுப்பு. ஜேசிபி பிடித்து, கம்பெனி பனியன் போட்ட கூட்டத்தைக் கரையில் நிறுத்தி, வாய்க்காலை இரண்டே நாளில் சுத்தம் பண்ணிவிட்டான். அறிக்கையின் அட்டைப் படமே அதுதான். ஒரு வருடம் கழித்து நான் போனபோது வெங்காயத்தாமரை கரைக்குக் கரை மூடிக் கிடந்தது. லோகோ போட்ட பலகை மட்டும் நின்றது.

இரண்டாவது ஊரில் இருந்த பெண் வருடம் முழுக்க ஆறே கூட்டம்தான் போட்டிருந்தாள். நிறுவனத்தின் தரப்பட்டியலில் அவள் கடைசி. ஆனால் அந்த ஊர் டீக்கடையில், உத்தரத்திலிருந்து சணல் கயிற்றில் ஒரு எண்பது பக்க நோட்டு தொங்கியது. எந்த வாரம் எந்தத் தெரு வாய்க்காலைப் பார்க்க வேண்டும், யார் வந்தார்கள், வர முடியாதவர் தனக்குப் பதிலாக யாரை அனுப்பினார் என்று தேதி போட்டு எழுதியிருந்தது. பக்கமெல்லாம் டீக் கறை. அவள் கையெழுத்து முதல் பதினொரு பக்கத்தோடு சரி. பன்னிரண்டாம் பக்கத்திலிருந்து நாலு பேர் கையெழுத்து மாறி மாறி வருகிறது. கடைசிப் பதிவு, நான் போனதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை.

அந்தப் பன்னிரண்டாம் பக்கத்துக்குப் பெயர்தான் தாக்கம். உங்கள் 12 ஊர்களிலும் அப்படி ஒரு பக்கம் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். அப்ரண்டிஸ் போன பிறகு ஊர்க்காரர்களே கூட்டின கூட்டம் எது, அதற்கு டீச்செலவு யார் போட்டது, அதில் எடுத்த முடிவில் எது நடந்தது? இல்லை என்று பதில் வருகிற ஊர்களையும் சேர்த்து எழுதுங்கள். ஐந்து ஊரில் நின்றிருக்கிறது, ஏழு ஊரில் நிற்கவில்லை என்று சொல்கிற அறிக்கையைப் படிக்கிறவர்கள் நம்புவார்கள்; அடுத்த வருடத் திட்டத்துக்கும் அதுதான் உதவும்.

திட்டம் தொடங்கும்போது ஊர் எப்படி இருந்தது என்று பதிவு செய்கிற அடிநிலை ஆய்வு எதுவும் எடுக்கவில்லை. ஏழு மாதம் ஓடிவிட்டது. இனி என்ன செய்ய முடியும்? – கள ஒருங்கிணைப்பாளர், மன்னார்குடி

கை கழுவிவிட வேண்டாம். ஊரில் பழைய ஏடுகள் இருக்கின்றன. கிராம சபைத் தீர்மானப் புத்தகம், மகளிர் குழுவின் வரவு–செலவுப் பதிவேடு, நூலகத்தில் புத்தகம் எடுத்த பதிவேடு, பள்ளி மேலாண்மைக் குழு வருகைப் பதிவு. இவை யாரும் உங்களுக்காக எழுதி வைத்தவை இல்லை, அதனால்தான் அவற்றுக்கு மதிப்பு. ஆட்களிடம் கேட்டும் தெரிந்துகொள்ளலாம். ஆனால் "ஒரு வருடத்துக்கு முன்னால் எப்படி இருந்தது?" என்று கேட்டால் யாருக்கும் நினைவு வராது. "போன சம்பா அறுப்புக்கு முன்னால்", "மேட்டூர் திறந்த சமயத்தில்" என்று கேளுங்கள், வரும். கஜா புயல் அடித்த 2018 நவம்பர் 15-16 இரவில் யார் வீட்டில் தங்கினோம் என்பதை இன்றைக்கும் தெரு தெருவாகச் சொல்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. டெல்டாவில் மாதத்துக்கு மாதம் ஊரே வேறு. தை, மாசியில் அறுப்பும் நெல் கொள்முதல் நிலையமும் ஓடும்போது கூட்டத்துக்கு ஆள் வராது. சித்திரையில் கூப்பிடாமலே வரும். தையில் எடுத்த கணக்கைச் சித்திரையோடு ஒப்பிட்டு "பங்கேற்பு கூடிவிட்டது" என்று எழுதிவிடாதீர்கள். வருடமும் வருடமும்கூட ஒன்றாக இராது. வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கிற மேட்டூர் அணை 2022-ல் மே 24-லேயே திறந்தது, 2024-ல் ஜூலை 28 வரை திறக்கவில்லை. தண்ணீர் தாமதமாகிக் குறுவை நெல் இல்லாத வருடத்தில் பையன்கள் திருப்பூருக்குப் பஸ் ஏறுவதற்கு உங்கள் திட்டம் காரணமில்லை. குறுவை நன்றாக விளைந்து அவர்கள் ஊரில் தங்கினால் அதற்கும் நீங்கள் காரணமில்லை.

எங்கள் அப்ரண்டிஸ்கள் வேலை பார்க்கும் ஊர்களில் பிளஸ் டூ முடித்த பெண்கள் கல்லூரிக்குப் போவது கூடியிருக்கிறது. இதை எங்கள் சாதனையாகப் போடலாமா? – திட்ட மேலாளர், கும்பகோணம்

உங்கள் பிள்ளைகள் உழைத்திருப்பார்கள், சந்தேகமில்லை. ஆனால் 2022 செப்டம்பர் 5 முதல் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேர்ந்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் போகிறது. உங்கள் திட்டமே இல்லாத ஊரிலும் எண்ணிக்கை கூடியிருக்கலாம். அதனால் திட்டம் நடக்காத ஊர்களையும் பார்த்தாக வேண்டும்.

எந்த ஊரை ஒப்பிடுவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். வட்டம் ஒன்று, மக்கள்தொகை ஒன்று என்று பார்த்து எடுத்துவிடுகிறார்கள். நம் பக்கத்தில் அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: தலைமடையா, கடைமடையா? தலைமடை ஊருக்கு முதலில் தண்ணீர் வரும், கடைமடைக்குக் கடைசியில். தலைமடையில் முதலில், கூலி வேலை தொடங்கும், கையில் காசு புழங்கும். கடைமடையில் தண்ணீருக்குக் காத்திருக்கிற வாரங்கள்தான் பிள்ளையின் கல்லூரிப் பணம் கட்டுகிற வாரங்களும். கடைமடையைக் கடைமடையோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும். பக்கத்து ஊரையும் எடுக்காதீர்கள். ஒரே பஸ், ஒரே டியூஷன், ஒரே சொந்தம். உங்கள் வேலை அங்கேயும் கசிந்திருக்கும்.

அடுத்த சுற்றுக்கு ஊர்களை இப்போதே தேர்ந்தெடுக்கப் போகிறீர்கள் என்றால், தகுதியான ஊர்களின் பெயரை எழுதிச் சீட்டுக் குலுக்குங்கள். முதலில் வருகிறவை இந்த வருடம், மற்றவை அடுத்த வருடம். யாருக்கும் மறுப்பில்லை, ஒப்பிடவும் நேர்மையான ஊர்கள் கிடைத்துவிடும். 2019-ல் பொருளாதார நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ, மைக்கேல் கிரெமர் ஆகியோர் வறுமை ஒழிப்பு ஆய்வுகளில் பரவலாக்கியது இந்தக் குலுக்கல் வழியைத்தான். ஊர்க்காரர்களுக்கு விளக்கக் குடவோலை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் இருப்பதைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருக்கிறார்கள். நான் இதைச் சொன்ன இடத்திலெல்லாம், குலுக்கலில் பின்னால் போன ஊர் ஒன்றுகூடச் சண்டைக்கு வரவில்லை.

அக்கா, தினமும் சாயங்காலம் ஆப்பில் நாற்பது கேள்வி நிரப்பச் சொல்கிறார்கள். நான் பழகுகிற வீடுகளில் நானே போய் "ஒற்றுமை கூடியிருக்கிறதா, 1 முதல் 5-க்குள் சொல்லுங்கள்" என்று கேட்கிறேன். எல்லோரும் 5 என்கிறார்கள். எனக்கே நம்பிக்கை இல்லை. – அப்ரண்டிஸ், வேதாரண்யம்

தம்பி, உனக்கு வந்த சந்தேகம் சரியான சந்தேகம். அவர்கள் 5 போட்டது உனக்கு. வெயிலில் சைக்கிளில் வந்த பிள்ளை, மோர் குடித்துவிட்டுக் கேட்கிறது, குறைத்துச் சொல்ல யாருக்கு மனசு வரும்? உன் ஊரை வேறொரு ஊர் அப்ரண்டிஸ் போய்க் கேட்கட்டும், அவர் ஊரை நீ கேள். அப்போதே எண் இறங்கும். அதற்காக மனம் தளராதே, இறங்கின எண்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அப்புறம், அந்தக் கேள்வியே பிழை. ஒற்றுமையை ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் கேட்டவர் என்ன நினைத்தார், சொன்னவர் என்ன நினைத்தார் என்று யாருக்கும் தெரியாது. நடந்ததைக் கேள். "ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யாருக்கு முதலில் போன் போடுவீர்கள்? அடுத்தது யாருக்கு? வண்டி யாருடையது?" மூன்று பெயர் வரும். அந்தப் பெயர்கள் எந்தத் தெரு என்று உனக்கே தெரியும். மூன்றும் சொந்தத் தெருதானா, குளத்துக்கு அந்தப் பக்கத்துப் பெயர் ஒன்றாவது வருகிறதா? வருட ஆரம்பத்திலும் முடிவிலும் இதைக் கேட்டு, கேட்ட வீட்டிலிருந்து பெயர் வந்த வீட்டுக்குக் கோடு போட்டுப் பார். எல்லாக் கோடும் ஒரே தெருவுக்குள் தடித்திருந்தால், உன் வேலை ஏற்கெனவே சேர்ந்திருந்தவர்களை இன்னும் சேர்த்திருக்கிறது. தெருவைத் தாண்டுகிற கோடு ஒன்றிரண்டு புதிதாக வந்திருந்தால் அதுதான் பெரிய செய்தி. ஒன்றிரண்டுதான் வரும், ஒரு வருடத்தில் அதற்கு மேல் யாராலும் முடியாது.

இதோடு சேர்ந்தது கூட்டம் போடுகிற இடம். ஒரு ஊரில் கோயில் மண்டபத்தில்தான் எல்லாக் கூட்டமும் நடந்தது. வருகைப் பதிவில் நூறு கையெழுத்து. நான் வெளியே வந்தபோது தெருவிளக்குக் கம்பத்தடியில் ஐந்தாறு பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே வந்தால் என்ன என்றேன். "இங்கயே நல்லாக் கேக்குது" என்றார் ஒரு அம்மா. அவர் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. நீ நிரப்புகிற நாற்பது கேள்வியிலும் அவருக்கு ஒரு கட்டம் இருக்காது. யார் வந்தார்கள் என்று எழுதுகிற கையோடு, யார் வரவில்லை, எங்கே போட்டால் வருவார்கள் என்றும் எழுது. அடுத்த கூட்டத்தைப் பள்ளிக்கூடத் திடலில் போட்டுப் பார்.

நாற்பது கேள்வியை ஏழாகக் குறைக்கச் சொல்லி உன் ஒருங்கிணைப்பாளரிடம் இதைக் காட்டு. 18 வயது நிரம்பாத பிள்ளைகளின் பெயர், போட்டோ, போன் நம்பரை ஆப்பில் ஏற்றுகிறார்கள் என்றால் பெற்றோர் சம்மதம் வாங்கச் சொல்லு. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவர்களைக் குழந்தைகள் என்றுதான் வைத்திருக்கிறது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று எங்கள் ஆலோசகர் நாலு வீட்டில் மட்டும் பேட்டி எடுத்துப் போனார். போதுமா? – தன்னார்வலர், பட்டுக்கோட்டை

பானை முழுக்க ஒரே தீயில் வெந்தால் ஒரு சோறு போதும். ஊர் அப்படி வேகவில்லை. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்ப்பவர் குத்தூசியை மூட்டைக்குள் விட்டுத்தான் நெல் எடுக்கிறார், அதுவும் பல மூட்டையில். மேலே காய்ந்தது உள்ளே ஈரமாக இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஒவ்வொரு தெருவிலும், குத்தகைக்காரர், கூலிக்காரர், மீன்பிடிக்கிறவர், புதிதாக மருமகளாக வந்த பெண் என்று எல்லோரிலும் சிலரை எடுக்கச் சொல்லுங்கள். அந்த நாலு வீட்டை யார் காட்டினார்கள் என்றும் கேளுங்கள்.

தாக்க மதிப்பீடு சட்டப்படி கட்டாயமா? – கணக்காளர், நாகப்பட்டினம்

2013 கம்பெனிகள் சட்டத்தில் சிஎஸ்ஆர் பற்றிய 135-ஆம் பிரிவின் கீழ் வருகிற எல்லோருக்கும் இல்லை. 2021 ஜனவரித் திருத்தத்தின்படி, முந்தைய மூன்று நிதியாண்டுகளில் சராசரி சிஎஸ்ஆர் கடமை 10 கோடி ரூபாயோ அதற்கு மேலோ உள்ள கம்பெனிகள், 1 கோடிக்குக் குறையாத திட்டங்களை, முடிந்து ஒரு வருடமாவது ஆன பிறகு, வெளியார் அமைப்பை வைத்து மதிப்பிட வேண்டும். அந்தச் செலவை அந்த ஆண்டு சிஎஸ்ஆர் செலவில் 2 சதவீதம் அல்லது 50 லட்சம், எது அதிகமோ அதுவரை சிஎஸ்ஆர் கணக்கில் காட்டலாம். இது 2022 செப்டம்பர் மாற்றம். இந்த விதியில் எனக்குப் பிடித்தது அந்த ஒரு வருட இடைவெளி. உங்கள் கம்பெனி சின்னது, கட்டாயமில்லை என்றாலும் அந்த இடைவெளியை மட்டும் கடைப்பிடியுங்கள்.

போட்ட ஒரு ரூபாய்க்கு எத்தனை ரூபாய் சமூகப் பலன் என்று ஒரே எண்ணாகக் கேட்கிறார்கள். – அதே கணக்காளர்

கணக்குப் போட வழி இருக்கிறது. ஆனால் தெருவைத் தாண்டின ஒரு போன் அழைப்புக்கு எவ்வளவு விலை என்று யாரோ ஒருவர் அறைக்குள் உட்கார்ந்து முடிவு செய்தால்தான் அந்த எண் வரும். அந்த ஆளை மாற்றினால் எண்ணும் மாறும். கேட்டே தீருவார்கள் என்றால், எந்தெந்த விலையை எப்படி வைத்தோம் என்று பக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள். நானாக ஒருநாளும் போட மாட்டேன்.

அம்மா, வருடா வருடம் யாராவது பேப்பரோடு வந்து கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்கள். என்ன எழுதினார்கள், என்ன முடிவு வந்தது என்று ஒருவரும் திரும்பி வந்து சொன்னதில்லை. – முன்னாள் வார்டு உறுப்பினர், குத்தாலம்

ஐயா, உங்கள் கோபம் நியாயம். எங்கள் தொழிலில் இருக்கிற பெரிய கடன் இது. நானும் ஆரம்ப வருடங்களில் அப்படி எழுதிக்கொண்டு போனவள்தான். வருடத்தில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அதில் ஒரு நாள் வந்து, உங்கள் ஊரைப் பற்றி எழுதினதைத் தமிழில், அரை மணி நேரத்தில் வாசித்துக் காட்ட வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சம்மதித்தால் பதில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். தப்பாக எழுதியிருந்தால் அந்த இடத்திலேயே ஊர் திருத்தும். அப்ரண்டிஸ் வந்ததால் ஏதாவது கெட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். முன்பு சும்மா செய்த வேலைக்கு இப்போது காசு கேட்கிறார்கள், வாசகசாலையைப் பல வருடம் பார்த்துக்கொண்ட பெரியவர் ஒதுங்கிவிட்டார் என்பதெல்லாம் நாற்பது கேள்விக்குள் வராது.

என் மகன் ஒரு வருடம் இதில் இருந்தான். அவன் கூட்டாளிகள் திருப்பூர் போய் மாதம் நல்ல சம்பளம் வாங்குகிறார்கள். இந்த வருடம் வீணா? – ஒரு தாயார், பாபநாசம்

இந்தக் கேள்வியை அறிக்கை எழுதுகிற எல்லோரும் படிக்க வேண்டும், அம்மா. ஊருக்கு என்ன ஆனது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோம். ஒரு வருடச் சம்பளத்தை விட்டுக்கொடுத்த பிள்ளைக்கு என்ன ஆனது என்பதை இரண்டு வரியில் முடித்துவிடுகிறோம். உங்கள் வீடு போட்ட அந்தப் பணமும் திட்டத்தின் செலவுதான். கம்பெனி கொடுத்த தொகைக்குப் பக்கத்தில் அதையும் எழுத வேண்டும்.

வீணா இல்லையா என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. ஆனால் இதைக் கவனித்துப் பாருங்கள்: உங்கள் வீட்டு வாசலில் இப்போது அவனைத் தேடி யாராவது வருகிறார்களா? முதியோர் உதவித்தொகை மனு, பட்டாவில் பெயர் மாற்றம், கல்லூரி விண்ணப்பம் என்று? வந்தால், தேதியும் விஷயமும் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். நிறுவனத்திடம் அனுபவச் சான்றிதழ் கேட்கும்போது, கலந்துகொண்டார் என்று ஒரு வரி போதாது, என்னென்ன வேலையை முன்னின்று நடத்தினார் என்று விவரமாக எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்க அவன் கூச்சப்படுவான். நீங்களும் கூடப் போங்கள்.