மருந்து கொடுத்தும் தட்டைப்புழு போகவில்லையா?

ஓமலூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "நாலு கலப்பினக் கறவை வைத்திருக்கிறேன். மேய்ச்சல் சரபங்கா ஆற்றோரம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து தவறாமல் ஊற்றுகிறேன். ஆனாலும் ஒரு மாட்டுக்குத் தாடைக்கு அடியில் பை போல வீங்கியிருக்கிறது, கழிச்சலும் நிற்கவில்லை. புழு மருந்துக்குப் பழகிவிட்டதா? அளவை இரண்டு மடங்காக்கலாமா?"

இரண்டு மடங்கு வேண்டவே வேண்டாம். ஆற்றோர மேய்ச்சலும் தாடை வீக்கமும் சேர்ந்தால் தட்டைப்புழுவாக இருக்கலாம்; ஈரலில் இருப்பது, பெருவயிற்றில் இருப்பது என இரண்டையும் பார்க்க வேண்டும். முதலில் பாட்டிலில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஐவர்மெக்டின் தட்டைப்புழுவை ஒன்றும் செய்யாது. அல்பெண்டசோல் கேட்கும், ஆனால் உருண்டைப்புழுவுக்குக் கொடுப்பதைவிடக் கூடுதல் அளவு வேண்டும், அப்போதும் வளர்ந்த புழுதான் சாகும். சினை பிடித்த புதிதில் அதைக் கொடுக்கவும் கூடாது. ஆக்சிக்ளோசனைடும் ஈரலில் வளர்ந்த புழுவை மட்டுமே கொல்லும். ஈரலைத் துளைத்துக்கொண்டிருக்கும் இளம்புழு தப்பித்து, சில வாரங்களில் பித்தக்குழாய்க்கு வந்து முட்டையிடத் தொடங்கும். பார்ப்பவருக்கு மருந்து தோற்றுவிட்டது போலத் தெரியும். இளம்புழுவையும் பிடிப்பது ட்ரைகிளாபெண்டசோல். ஆனால் பெருவயிற்றுத் தட்டைப்புழுவுக்கு அது உதவாது, அதற்கு ஆக்சிக்ளோசனைடுதான். எந்தப் புழு என்று தெரியாமல் மருந்து மாற்றிப் பயனில்லை.

அடுத்தது எடை. பெரும்பாலும் கண் மதிப்பில்தான் ஊற்றுகிறோம். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைக் கயிற்றால் சுற்றி, அந்தக் கயிற்றை அளந்துகொள்ளுங்கள். தையல் டேப் 60 அங்குலத்தோடு முடிந்துவிடும். தோள் முனையிலிருந்து பின்பக்க எலும்பு முனை வரை நீளம் எடுங்கள். இரண்டும் அங்குலக் கணக்கில் இருக்கட்டும். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ கணக்கு வரும். சுற்று 66, நீளம் 60 என்றால் 396 கிலோ. அந்த மாட்டை 'முந்நூறு இருக்கும்' என்று நினைத்து ஊற்றினால் கால்வாசி மருந்து குறைந்துபோகும்.

புழு மருந்துக்குப் பழகிப்போகும் எதிர்ப்புத்திறன் வளர்வதற்கு இந்தக் குறைந்த அளவும் ஒரு வழி. அரைகுறை மருந்தில் பிழைத்த புழுவின் முட்டையிலிருந்து வரும் ஒரே ஒரு குஞ்சு நத்தைக்குள் புகுந்தால், நூற்றுக்கணக்காகப் பெருகி வெளியே வரும், அத்தனையும் ஒரே வார்ப்பு. ட்ரைகிளாபெண்டசோலுக்கே கட்டுப்படாத புழு ஆஸ்திரேலிய ஆடுகளில் 1995-லேயே பதிவானது. அதனால் உங்கள் சந்தேகத்தை நான் தள்ளிவிடவில்லை; சோதித்துப் பார்த்துவிடலாம் என்கிறேன்.

மருந்து கொடுக்கும் அன்று ஒவ்வொரு மாட்டின் புதுச் சாணமும், மூன்று வாரம் கழித்து மறுபடியும் எடுத்து, கால்நடை மருந்தகத்தில் கொடுங்கள். அவசரப்பட்டு முன்பே எடுத்தால், பித்தப்பையில் தங்கிய பழைய முட்டை வந்து குழப்பும். 'படிவு முறையில் பாருங்கள்' என்று கேளுங்கள். இந்த முட்டை கனமானது, மிதக்கவைத்துப் பார்க்கும் சோதனையில் அகப்படாமல் போகும். ஈரல் புழுவின் முட்டை மஞ்சளாக இருக்கும், பெருவயிற்றுப் புழுவினுடையது நிறமற்றது. சரியான மருந்தைச் சரியான அளவில் கொடுத்தும் முட்டை எண்ணிக்கை 90 சதவீதம் குறையாவிட்டால், அப்போது எதிர்ப்புத்திறனைச் சந்தேகிக்கலாம்.

தாடை வீங்கிய மாட்டை மட்டும் அந்த மூன்று வாரம் வரை வைத்திருக்காதீர்கள். ரத்தமும் புரதமும் வற்றிப்போய்த்தான் அங்கே நீர் கோர்த்திருக்கும். வேறு நோயாகவும் இருக்கலாம். இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். மற்ற மூன்றையும் வாய்க்கால் ஓரச் சேற்றுப் புல்லுக்கு விடாமல் கட்டுத்தரையிலேயே வைத்து, வெயிலில் நன்றாகக் காய்ந்த தீவனம் போடுங்கள்.