19-ஆம் நூற்றாண்டு விவசாயிகள் சங்கத்தார் ஓர் உறுப்பினரின் பண்ணைக்குப் போய் என்ன செய்தார்கள்? விருந்து மட்டும்தானா?

விருந்தும் உண்டு. ஆனால் முதலில் பண்ணையைச் சுற்றிப் பார்த்தாக வேண்டும்.

நான் சில வருடங்கள் அமெரிக்காவில், மேரிலாந்தின் மாண்ட்கமரி கவுண்டியில் குடியிருந்தேன். அங்கே சாண்டி ஸ்பிரிங் என்று ஓர் ஊர். குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினர் கூடி வாழ்ந்த இடம். அங்குள்ள விவசாயிகள் 1844-இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். மாதம் ஒரு வீடு என்று முறைவைத்துக் கூடுவார்கள். முதலில் வயல், வேலி, தொழுவம், கருவி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வருவார்கள். அப்புறம்தான் சாப்பாடும் பேச்சும். எதை எப்போது விதைப்பது, எந்த எருவுக்குக் கொடுக்கிற காசு திரும்பி வரும் என்கிற மாதிரிப் பேச்சு.

இதில் என்ன பெரிய விஷயம் என்றால், அந்த மண்ணின் கதை அப்படி. தலைமுறை தலைமுறையாகப் புகையிலை போட்டுப் போட்டு நிலம் சக்கையாகிவிட்டிருந்தது. பலர் விற்றுவிட்டு மேற்கே புது நிலம் தேடிப் போனார்கள். தங்கியவர்களுக்கு மண்ணைத் தேற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை. புளித்த மண்ணுக்குச் சுண்ணாம்பு, எலும்புத் தூள், காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும் குளோவர் செடி என்று ஒவ்வொன்றாக முயன்றார்கள். 1840-களில் பால்டிமோர் துறைமுகத்துக்குப் பெரு நாட்டிலிருந்து குவானோ வர ஆரம்பித்தது. மழையே இல்லாத தீவுகளில் மலைபோல் குவிந்து கிடந்த கடற்பறவை எச்சம் அது. வீரியமும் அதிகம், விலையும் அதிகம். அதை வாங்கிக் கொட்டுவதா வேண்டாமா என்பதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட, அதே மண்ணில் பக்கத்துக்காரர் போட்டதைப் போய்ப் பார்ப்பது மேல். ஒருவர் வயல் மற்றவர்களுக்குப் பரிசோதனைக் களம். தப்பானால் ஒருவரின் காசோடு போகும்.

எங்கள் வீட்டில் வெளியூர் ஆட்கள் வயல் பார்க்க வந்தால், அப்பா அவர்களை நேரே ரோட்டோர வயலுக்குத்தான் கூட்டிப்போவார். களை மண்டிய கடைசித் துண்டு பக்கம் யாரையும் விடமாட்டார். அக்கம்பக்கத்தாரிடம் அந்த வித்தை பலிக்காது. தினமும் அந்த வழியாகப் போகிறவர்களுக்கு உங்கள் ஓட்டை வேலி ஏற்கெனவே தெரியும். முறை சுற்றி வரும்போது, இன்று குறை சொல்பவரின் தொழுவத்தையும் நாளை எல்லோரும் பார்ப்பார்கள். அதனால் மனதில் பட்டதைச் சொல்லவும் முடியும், வரம்போடு சொல்லவும் தோன்றும். இதே ஊர்க்காரர்கள்தான் 1848-இல் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் தீ விபத்துக் காப்பீட்டுக் கம்பெனியும் ஆரம்பித்தார்கள். அண்டை வீட்டுக் களஞ்சியம் எரிந்தால் தன் பையிலிருந்தும் பணம் போகும் என்றிருந்தால், அங்கே அடுப்பு எப்படி எரிகிறது என்று எட்டிப் பார்ப்பது வம்பு ஆகாது.

இங்கிலாந்தில் இதற்கு நேர் எதிரான ஆளும் உண்டு: ஜான் ஜோசப் மெக்கி. லண்டனில் சவரக்கத்தி தீட்டும் பட்டை விற்றுச் சம்பாதித்தவர். 1841-இல் எசெக்ஸில் டிப்ட்ரீ ஹால் பண்ணையை வாங்கி, வடிகால் போட்டு, நீராவி இயந்திரத்தால் திரவ எருவைக் குழாய் வழியே வயலுக்கு அனுப்பினார். வருடாவருடம் ஊரையே கூப்பிட்டுக் காட்டினார். வரவுசெலவுக் கணக்கையும் அச்சிட்டார். பலர் சிரித்தார்கள். 1880-இல் நொடித்த நிலையில் இறந்தார். எனக்கு அவரைப் பிடிக்கும், ஆனால் அவர் நடத்தியது திருவிழா, முறைவைத்து ஒருவர் பண்ணையை ஒருவர் பார்ப்பது அல்ல.

சாண்டி ஸ்பிரிங் சங்கத்தை ரொம்பவும் தூக்கிவைக்கவும் மனம் வரவில்லை. மேரிலாந்து அடிமை முறை இருந்த மாநிலம். குவேக்கர்கள் அதை விட்டுவிட்டார்கள், சரி. ஆனால் அந்த வயல்களில் கூலிக்கு உழைத்த கறுப்பின மக்கள் சங்கத்தின் மேசையில் உட்காரவில்லை. பண்ணையைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததை யாரும் எழுதிவைத்தமாதிரியும் தெரியவில்லை. அதே ஊரில் ராக்லண்ட் பண்ணையை நடத்திய ஆசிரியர் பெஞ்சமின் ஹாலோவெல்லை, 1859-இல் புதிதாகத் திறந்த மேரிலாந்து வேளாண் கல்லூரிக்குத் தலைவராகக் கூப்பிட்டார்கள். கல்லூரிப் பண்ணையில் அடிமைகளை வேலைக்கு வைக்கக்கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் போனார். உடம்புக்கு முடியாமல் ஒரே மாதத்தில் திரும்பிவிட்டார்.