பாலைவன ஏரியில் சிறு படகுகளில் குழுவாகப் போக எப்படித் திட்டமிடுவது?

கேள்வி: நாங்கள் ஹட்டன், கொட்டகலைப் பக்கத்தில் ஒன்பது பேர். அக்கா குடும்பம் அமெரிக்காவில், அரிசோனாவில் இருக்கிறது. அங்குள்ள லேக் பவல் ஏரியில் மூன்று சிறு படகுகளில் நான்கைந்து நாள் எல்லோரும் சேர்ந்து போகலாம் என்று கூப்பிடுகிறார்கள். எங்களில் யாருக்கும் படகுப் பழக்கம் இல்லை. எதிலிருந்து தொடங்குவது? 67 வயது அம்மாவையும் கூட்டிப் போகலாமா?

பதில்:

உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நாங்களும் அதே ஏரிக்கு மூன்று படகில்தான் போனோம். மொத்தம் 11 பேர். என் கொழுந்தனார் பீனிக்ஸில் இருக்கிறார். இரண்டு படகு அவருடைய நண்பர்களுடையது, ஒன்று வாடகைக்கு எடுத்தது. எல்லாமே 18, 19 அடிப் படகுகள். மஸ்கெலியாவிலிருந்து நான், கணவர், பிள்ளைகள் இருவர், என் அப்பா என்று ஐந்து பேர் போனோம். எங்கள் வீட்டு முன்வாசலில் உட்கார்ந்து, வட்ஸ்அப்பில் பேசிப் பேசியே ஆறு மாதம் போட்ட திட்டம் அது. சில விஷயம் சரியாக அமைந்தது, ஒரு விஷயம் மோசமாகப் பிழைத்தது. இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் அந்த ஏரி என்னவென்று மனதில் பதிய வையுங்கள். பெயர்தான் ஏரி. உண்மையில் அது கொலராடோ ஆற்றை கிளென் கன்யன் அணையால் மறித்ததில் உண்டான நீர்த்தேக்கம். 1963 இல் தண்ணீர் நிரம்பத் தொடங்கி, முதல் தடவை முழுதாக நிரம்ப 1980 ஆயிற்று. நிரம்பி நிற்கும்போது நீளம் ஏறக்குறைய 300 கிலோமீற்றர். சிவனொளிபாதமலைக்கு ஏறும்போது மவுசாகலை நீர்த்தேக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். ஓடை வந்து விழும் ஒவ்வொரு இடத்திலும் தண்ணீர் விரல் நீட்டினதுபோல மலைக்குள் போயிருக்கும் அல்லவா? அதே அமைப்புதான், அளவு மட்டும் பல மடங்கு. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நம் பக்கம் தேயிலைச் சரிவு தண்ணீர் வரை இறங்கி வரும், எங்கே வேண்டுமானாலும் கரை ஏறலாம். அங்கே சிவந்த பாறை சுவர்போல நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. கிலோமீற்றர் கணக்கில் போனாலும் கால் வைக்க இடமில்லாத பகுதிகள் இருக்கின்றன. "காற்று வந்தால் ஒதுங்கிக்கொள்ளலாம்" என்ற நினைப்பு அங்கே உதவாது. சிறு படகில் போகிறவர்கள் போடும் கணக்கு எல்லாம் இதை வைத்துத்தான்.

அடுத்தது தண்ணீர் மட்டம். திகதிக்கும் முன்னால் இதைப் பாருங்கள். முழு மட்டம் என்பது கடலிலிருந்து 3,700 அடி (ஹட்டனைவிடச் சற்றுத் தாழ்வு). 2023 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது 3,520 அடி வரை இறங்கியது. அதாவது 180 அடி உயரத்துக்குத் தண்ணீர் காணாமல் போயிருந்தது. பாறைச் சுவர்களில் பழைய மட்டம் வரை சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைப் பட்டை ஒன்று ஏரி முழுக்க ஓடுகிறது. அப்பா அதைப் பார்த்து, "நம்ம மவுசாகலை காய்ஞ்சா செம்மண் பட்டை தெரியிற மாதிரியே" என்றார். 1969 இல் பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனபோது அவர் 11 வயதுப் பையன். வறட்சியில் மவுசாகலை வற்றினால் பழைய கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளியே தெரியும். ஊரே போய்ப் பார்க்கும். லேக் பவலிலும் அப்படித்தான், 50 வருடம் மூழ்கிக் கிடந்த பாறை வளைவுகள் இப்போது வெளியே வந்திருக்கின்றன.

அழகு ஒருபக்கம் இருக்கட்டும், இது உங்கள் பெற்றோல் கணக்கையே மாற்றிவிடும். அணைக்குப் பக்கத்திலுள்ள வாவீப் படகுத் துறையிலிருந்து மேலே போக காசல் ரொக் கட் என்று ஒரு குறுக்கு வழி உண்டு. தண்ணீர் குறைந்தால் அது அடைபட்டுவிடும், சுமார் 20 கிலோமீற்றர் சுற்றிப் போக வேண்டும். படகு இறக்கும் சாய்தளங்களும் மட்டம் இறங்க இறங்க ஒவ்வொன்றாக மூடப்படும். நான்கு வருடத்துக்கு முன்பு யாரோ வரைந்த வரைபடத்தை நம்பாதீர்கள். அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவை எந்தத் துறை திறந்திருக்கிறது என்று இணையத்தில் போடுகிறது. போகும் வாரத்தில் அக்காவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, பெற்றோல். வாவீப்பிலிருந்து ரெயின்போ பாலம் என்ற இயற்கைக் கல் வளைவு தண்ணீர் வழியாக ஏறக்குறைய 80 கிலோமீற்றர். அடுத்த பெரிய துறையான புல்ஃப்ரொக் 150 கிலோமீற்றர் அளவில். நடுவில் டாங்லிங் ரோப் என்ற மிதக்கும் துறையில் முன்பு பெற்றோல் கிடைத்தது. 2021 இல் அதையும் மூடிவிட்டார்கள். ஆகவே நடுவில் எதுவும் கிடைக்காது என்றே கணக்குப் போடுங்கள். எங்கள் படகுகள் சாமானோடு ஒரு லீற்றருக்கு 2 கிலோமீற்றர்தான் ஓடின. போக 80, வர 80, பக்கத்துப் பள்ளத்தாக்குகளுக்குள் போய் வர 40 என்றால் 200 கிலோமீற்றர், 100 லீற்றர். அதோடு நிறுத்தக்கூடாது. போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, தொடாமல் வைக்க ஒரு பங்கு. ஆகவே ஒரு படகுக்கு 150 லீற்றர். டாங்கியில் கொள்ளாதது கேனில் வரும், கேன் வந்தால் பாரம் கூடும், பாரம் கூடினால் பெற்றோல் இன்னும் குடிக்கும். அதனால்தான் உடுப்பையும் பாத்திரத்தையும் இரக்கமில்லாமல் குறைக்கச் சொல்கிறேன்.

மாதம் என்று கேட்டால் செப்டம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு. மார்ச் முதல் மே வரை காற்று அதிகம், தண்ணீரும் குளிர். ஜூலை, ஓகஸ்டில் வெயில் சுட்டெரிக்கும், அத்தோடு இடிமழைக் காலம். செப்டம்பர் கடைசியில் தண்ணீரில் சூடு இருக்கும், கூட்டம் குறைந்திருக்கும். எந்த மாதமானாலும் மத்தியானத்துக்குப் பிறகு காற்று எழும்பலாம். பாட்ரே பே போன்ற அகன்ற இடங்களில் அலை ஒரு பாறைச் சுவரில் மோதித் திரும்பி, எதிரே வரும் அலையோடு முட்டிக் குழம்பும். 18 அடிப் படகுக்கு அது பெரிய அடி. நாங்கள் விடிகிற நேரத்தில் புறப்பட்டு, 11 மணிக்குள் அன்றைய ஓட்டத்தை முடித்துக்கொண்டோம். பிறகு நிழல் விழும் மணல் கரையில் சமையலும் குளியலும்தான்.

இப்போது பிழைத்த கதை. இரண்டாம் நாள் காலை எல்லோருக்கும் உற்சாகம். முன்னால் போன இரண்டு படகும் வேகம் பிடித்தன. மூன்றாவதில் என் மகளும், கொழுந்தனாரின் மனைவியும், அவர்களுடைய சின்னவனும், படகுக்காரரும் இருந்தார்கள். ஒரு வளைவில் திரும்பிப் பார்த்தபோது பின்னால் யாரும் இல்லை. அங்கே பக்கத்துப் பள்ளத்தாக்குகளின் வாய் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். பாறைக்குப் பின்னால் போனால் போன் இல்லை, படகுக்குப் படகு பேசும் வானொலியும் பிடிக்காது. ஒன்றரை மணி நேரம் தேடினோம். தேடத் தேடப் பெற்றோல் குறைந்துகொண்டே வந்தது. அந்த ஒன்றரை மணி நேரத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கை நடுங்கும். அவர்கள் தவறான பள்ளத்தாக்குக்குள் திரும்பி, அது முடிகிற இடம் வரை போய், வெளியே வந்து வழி காட்டும் மிதவை ஒன்றுக்குப் பக்கத்தில் எஞ்சினை நிறுத்திக் காத்திருந்தார்கள். அந்தப் படகுக்காரர் நிதானமானவர். அவரும் எங்களைத் தேடிக் கிளம்பியிருந்தால் அன்றைக்கு முழுக்க ஒருவரை ஒருவர் சுற்றிக்கொண்டே இருந்திருப்போம்.

அன்று சாயந்தரம் அப்பாதான் சொன்னார்: "இனிமே காலையில பெரட்டு இல்லாம ஒருத்தரும் படகுல ஏறக்கூடாது." தோட்டத்தில் பெரட்டுக்களத்தில் ஆள் எண்ணி, இன்னார் இன்ன மலைக்கு என்று பிரித்து அனுப்புவார்களே, அதே மாதிரி. அடுத்த நாளிலிருந்து மணலில் எல்லோரும் வட்டமாக நிற்போம். இன்றைக்கு எங்கே போகிறோம், எந்த மிதவையில் சேர்கிறோம், எந்தப் படகில் யார் என்று சத்தமாகச் சொல்லி ஆள் எண்ணுவோம். ஆற்றின் பிரதான வழியில் மிதவைகளில் எண் இருக்கிறது, அணையிலிருந்து எத்தனை மைல் என்று காட்டும். அந்த எண்ணை ஒவ்வொருவரும், பிள்ளைகள் உட்பட, மனப்பாடம் செய்ய வேண்டும்.

மெதுவான படகை முன்னால் விட்டோம். படகு வேலை நன்றாகத் தெரிந்த ஆள், கருவிப் பெட்டியோடு, கடைசிப் படகில். பின்னால் வரும் படகு கண்ணுக்குத் தெரியாவிட்டால் அந்த இடத்திலேயே எஞ்சினைக் குறைத்துக் காத்திருக்க வேண்டும். வழி தவறினால் கடைசியாகப் பார்த்த மிதவைக்குத் திரும்பிப் போய் அசையாமல் இருக்க வேண்டும், தேடுவது மற்றவர்கள் வேலை. படகு வானொலி மூன்றிலும் கட்டாயம். 16 ஆம் அலைவரிசை அவசரத்துக்கு, வேறொன்று உங்கள் பேச்சுக்கு. இந்தப் பதிலில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இந்தப் பெரட்டு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே செய்யுங்கள்.

படகுப் பழக்கம் இல்லை என்கிறீர்கள். ஓட்டப் போவது அங்குள்ளவர்கள்தான், ஆனாலும் ஏறி இறங்கிப் பழகியே போங்கள். நாங்கள் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் படகு வைத்திருக்கும் ஒருவரிடம் பேசி, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு படகில் அரை நாள் சுற்றினோம். அந்த அரை நாளில் தெரிந்துகொண்டது நிறைய. எஞ்சின் ஓடும்போது பக்கத்துப் படகில் கத்தினாலும் கேட்காது என்பது அங்கேதான் புரிந்தது. நில், திரும்பு, ஆபத்து, பெற்றோல் இல்லை என்று நான்கு கைச்சைகை வைத்துக்கொண்டோம். மகனுக்கு வாந்தி வரும் என்றும் அங்கேதான் தெரிந்தது. பெரியவர்களின் லைஃப் ஜக்கட் பிள்ளைகளுக்குப் போட்டால் தண்ணீரில் தலைக்கு மேலே கழன்று வருகிறது, அதையும் கண்ணால் பார்த்தோம். லேக் பவலில் 13 வயதுக்குக் குறைந்தவர்கள் படகு ஓடும்போது அதை அணிந்தே இருக்க வேண்டும் என்பது சட்டம். நாங்கள் எல்லோருமே அணிந்தோம். பிள்ளைகளின் நிறையை எழுதி அனுப்பி, அளவானதை முன்கூட்டியே வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

கரையில் தங்குவது பற்றி. காய்ந்த ஓடை வந்து சேரும் இடத்தில் கூடாரம் போடவே போடாதீர்கள். மழை எங்கோ தூரத்தில் பெய்யும், உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும், திடீரென்று செம்மண் வெள்ளம் வரும். மலையில் பெய்து ஆற்றில் குளிப்பவர்களை அடித்துப் போவதை நாம் பார்த்திருக்கிறோம், அதேதான். எடுத்துப் போகும் கழிப்பறைப் பெட்டி கட்டாயம், மனிதக் கழிவைக் கரையில் புதைக்க அனுமதி இல்லை. குடிதண்ணீர் ஆளுக்கு நாளுக்கு 4 லீற்றருக்குக் குறையாமல். அந்த வறண்ட காற்றில் வியர்வை தெரியாமலே உடம்பு காய்ந்துவிடும், நுவரெலியாக் குளிருக்குப் பழகிய உடம்புக்கு இன்னும் மோசம். எஞ்சின் ஓடும்போது படகின் பின்விளிம்பில் பிள்ளைகள் தொங்கி விளையாடக்கூடாது, அந்தப் புகையில் மணமே இல்லாத நச்சு வாயு இருக்கிறது.

நேரமும் குழப்பும். அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, யூட்டா மாற்றுகிறது. ஏரி இரண்டிலும் கிடக்கிறது. போன் தன் பாட்டில் ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தாவும். எல்லோரும் கைக்கடிகாரத்தில் அரிசோனா நேரத்தையே வைத்துக்கொள்ளுங்கள். சொந்தப் படகு கொண்டுவருகிறவர்கள் திரும்பும்போது படகைக் கழுவி, தண்ணீரை வடித்து, காயவிட வேண்டும். குவாகா என்ற சிப்பி அந்த ஏரியில் பரவியிருக்கிறது, வேறு ஏரிக்குக் கொண்டுபோய்விடக்கூடாது.

அம்மா விஷயம். கட்டாயம் கூட்டிப் போங்கள். படகின் முன்பக்கம்தான் தூக்கிப் போடும், நடுவுக்குப் பின்னால் தடித்த மெத்தையில் உட்கார வையுங்கள். ஏறி இறங்க ஒரு சின்ன மடிப்பு ஏணி வேண்டும். மூட்டுவலி இருந்தால் ரெயின்போ பாலத்துக்கு நடக்கும் தூரத்தை முன்பே கேளுங்கள், தண்ணீர் இறங்கியிருந்தால் படகுத் துறையிலிருந்து அந்த நடை நீண்டுவிடும். அது 88 மீற்றர் உயரமான கல் வளைவு, நவஹோ மக்களுக்கும் அந்தப் பகுதியின் மற்றப் பழங்குடிகளுக்கும் புனிதமான இடம். அடியில் போகாமல் தள்ளி நின்று பார்க்கும்படி கேட்டுக்கொள்வார்கள். அப்பா அங்கே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெகுநேரம் நின்றார். நாங்களும் கழற்றினோம்.

திகதி, ஒவ்வொரு படகின் டாங்கிக் கொள்ளளவு, ஆட்களின் எண்ணிக்கை மூன்றையும் அக்காவிடம் கேட்டு எழுதுங்கள். பெற்றோல் கணக்கை நான் போட்டுத் தருகிறேன்.