மாமனாருக்குக் காது கேட்கிறது, பேச்சுதான் பிடிபடவில்லை

கேள்வி: ஆந்திராவில் நகரியை அடுத்த ஏகாம்பரகுப்பத்தில் வசிக்கிறோம். என் மாமனாருக்கு வயது 62. முப்பத்தைந்து ஆண்டுகள் விசைத்தறி ஓட்டியவர். நாங்கள் பேசுவது புரியவில்லை என்கிறார். உரக்கச் சொன்னால், "ஏன் கத்துகிறாய், எனக்குக் காது கேட்கிறது" என்று கோபித்துக்கொள்கிறார். கடையில் 1,500 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்த காது மிஷினை இரண்டே நாளில் கழற்றி வைத்துவிட்டார். என் கணவரும் அதே தறிக்கொட்டகையில்தான் வேலை செய்கிறார். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் மாமனார் சொல்லும் இரண்டுமே உண்மை. அவருக்குக் காது கேட்கிறது, பேச்சுதான் புரியவில்லை. உள்காதில், நத்தை ஓடுபோலச் சுருண்ட ஓர் உறுப்பினுள், காதுக்குச் சுமார் 15,000 நுண்மயிர் உயிரணுக்கள் இருக்கின்றன. ஒலியை நரம்பு வழியே மூளைக்கு அனுப்பும் வேலையைச் செய்பவை அவைதான். அழிந்தால் மனிதருக்கு அவை மறுபடியும் வளர்வதில்லை. விசைத்தறியின் இரைச்சல் பெரும்பாலும் 90 டெசிபலைத் தாண்டிவிடும். ஆண்டுக்கணக்கில் அதில் நிற்பவருக்கு, 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய கூர்மையான ஒலிகளை உணரும் அணுக்கள்தான் முதலில் சாகின்றன.

நம் பேச்சில் உரத்து ஒலிப்பவை உயிரெழுத்துகள்; அவை தாழ்ந்த ஒலிகளாதலால் அவருக்கு நன்றாகவே எட்டுகின்றன. ஒரு சொல்லை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யெழுத்துகளில் பல, மெல்லியவையாகவும் கூர்மையாகவும் இருப்பதால் நழுவிவிடுகின்றன. நீங்கள் "பட்டு" என்றால் அவருக்கு அது "பத்து" ஆகலாம். "சட்டை" என்றால் "அட்டை" ஆகலாம். கத்தும்போது பெருகுவது உயிரொலிகள்தான். விட்டுப்போன மெய்யொலிகள் அதனால் திரும்பி வருவதில்லை. அதோடு, பழுதுபட்ட காதுக்கு மெல்லிய ஒலி எட்டாது என்றாலும், ஒலி சற்று உயர்ந்தவுடன் சட்டென்று காதைக் குத்தும். அவருடைய கோபத்துக்குக் காரணம் இந்த வலிதான். அதை வீம்பு என்று எண்ணிவிடாதீர்கள்.

கடையில் வாங்கிய கருவியும் இதையேதான் செய்திருக்கும். குறையில்லாமல் கேட்கும் ஒலிகளையும், பாத்திரம் உருளும் சத்தத்தையும், மின்விசிறி இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கிக் கொடுக்கும் கருவியை அவர் கழற்றி வைத்ததில் தவறில்லை. காது மிஷினே அவருக்கு ஒத்துவராது என்று அதனால் முடிவு கட்டிவிடாதீர்கள்.

முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். குறும்பி அடைத்திருந்தாலோ செவிப்பறையில் ஓட்டை இருந்தாலோ அதற்கான வைத்தியம் வேறு. அதுவரை காதில் எண்ணெய் விட வேண்டாம். பிறகு, எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராம் எடுக்க வேண்டும். திருப்பதி ரூயா அரசு மருத்துவமனைக்கோ வேலூர் சி.எம்.சி.க்கோ நீங்கள் போய்வரலாம். எங்கே போனாலும், சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லவைக்கும் பேச்சுப் பரிசோதனையைத் தமிழிலேயே செய்யும்படி கேளுங்கள். சந்தையில் தெலுங்கு பேசிப் பழகியவராக இருந்தாலும், வீட்டு மொழி தமிழ் என்றால், தெலுங்குச் சொற்பட்டியலில் வரும் மதிப்பெண் அவருடைய காதின் உண்மை நிலையைக் காட்டாமல் போகலாம்.

காதொலிக் கருவியை அந்த ஆடியோகிராமுக்கு ஏற்ப, எந்த ஒலி குறைந்திருக்கிறதோ அதை மட்டும் கூட்டும்படி அமைத்துத் தருவார்கள். பழகச் சில வாரங்கள் ஆகும். தொடக்கத்தில் அமைதியான அறையில், நாளுக்குச் சில மணி நேரம் போட்டால் போதும். உறுத்தினாலோ இரைந்தாலோ மறுபடியும் போய் அமைப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். பலர் இந்த இரண்டாம் நடையைச் சோம்பி விட்டுவிடுவதால்தான் கருவி மேசை இழுப்பறைக்குப் போகிறது. இரு காதுகளிலும் 60 டெசிபலோ அதற்கு மேலோ குறை இருந்தால் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி சான்றிதழ் கோரலாம். ஆந்திராவில் அதற்கு, குறையின் அளவை மதிப்பிடும் 'சதரம்' முகாமில் பதிவு செய்ய வேண்டும்; மீ சேவா அரசு சேவை மையத்தில் விசாரியுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியதுதான் இவை எல்லாவற்றையும்விட முக்கியம் என்பது என் கருத்து. தறி ஓடும்போது யார் குரலும் யாருக்கும் கேட்காது. உதட்டசைவையும் கையசைவையும் பார்த்தே முப்பத்தைந்து ஆண்டுகள் பேசிப் பழகியவர் உங்கள் மாமனார். நூல் அறுந்ததா, ஊடை தீர்ந்ததா என்பதை நாலு தறி தள்ளி நின்றே புரிந்துகொண்டவர். அந்தத் திறமை அவரிடம் அப்படியே இருக்கிறது. ஆனால் வீட்டில் நீங்கள் அடுப்பைப் பார்த்தபடி, குக்கர் இரையும்போது, "மாமா, மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்கிறீர்கள், அவர் பார்ப்பதற்கு உங்கள் முகம் இல்லை. எதிரே வந்து, தோளைத் தொட்டோ கையசைத்தோ அவர் திரும்பிப் பார்த்த பிறகு, மூன்று நான்கு அடி தூரத்தில் நின்று, வழக்கமான குரலில் சற்று நிதானமாகப் பேசுங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ வேண்டும். சன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால் உங்கள் உதடு நிழலாகத்தான் தெரியும். எதைப்பற்றிப் பேசப்போகிறீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். புரியாவிட்டால் அதே வாக்கியத்தை மூன்று முறை சொல்லாமல், வேறு சொற்களில் சொல்லுங்கள். பள்ளியிலிருந்து வரும் குழந்தைகள் பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் பேசினால், வருவது எந்த மொழி என்றே தெரியாமல் அவர் தடுமாறுவார். தாத்தாவிடம் ஒரு மொழியில் பேசச் சொல்லிக் கொடுங்கள். "ஒன்றுமில்லை, விடுங்கள்" என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். வீட்டுப் பேச்சிலிருந்து தன்னை ஒதுக்கிவிட்டார்கள் என்றுதான் அவர் அதை எடுத்துக்கொள்வார்.

இனி உங்கள் கணவர். 85 டெசிபல் இரைச்சலில் எட்டு மணி நேரம்தான் எல்லை என்று கொண்டால், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது. 94 டெசிபலில் ஒரு மணி நேரம்தான். காதில் வைக்கும் பஞ்சு இதைத் தடுக்காது. மருந்துக்கடைகளில் கிடைக்கும் நுரை அடைப்பானை விரலால் மெல்லியதாக உருட்டி, காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து உள்ளே செருகி, அது உப்பி நிறையும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். வேலை முடிந்து வந்ததும் காதில் ரீங்காரம் கேட்கிறதா என்று அவரிடம் கேளுங்கள்; காலையில் அது மறைந்துவிட்டாலும், அணுக்கள் அடிபட்டதற்கு அது அடையாளம். என்றாவது ஒரு காது மட்டும் திடீரென்று மந்தமானால், குறும்பி என்று காத்திராமல் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். முதல் சில நாள்களில் தொடங்கும் மருந்துக்குத்தான் பலன் அதிகம். மாமனாரைப் பரிசோதனைக்கு அழைத்துப்போகும் அன்றே கணவரையும் கூட்டிச் செல்லுங்கள். இரைச்சலில்லாமல் குறைந்தது 14 மணி நேரம் இருந்தால்தான் அவருடைய அளவு சரியாக வரும். ஆகவே முந்தின இரவு தறிக்குப் போக வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.