தண்ணீர் குடிக்காத பிள்ளைகள் – கடிதம்

அன்புள்ள அக்கா,

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அவள் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கு வாலிபால் அணி கிடையாது. ரயில்வேயில் ஆடி ஓய்வு பெற்ற ஒருவர் மாலை ஐந்திலிருந்து ஏழு வரை பெண்பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு கிளப் நடத்துகிறார். பதினெட்டுப் பேர் வருகிறார்கள். ஒரு வருடமாக இவளும் போகிறாள். அடிக்கிறவளுக்கு வாகாகப் பந்தை எழுப்பித் தந்து நன்றாக செட் செய்கிறாள் என்கிறார் மாஸ்டர்.

எனக்குச் சில குழப்பங்கள். கிளப்பில் தரும் சர்டிபிகேட் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு உதவுமா? வெயிலில் கறுத்துப்போகிறாள் என்று என் அம்மா தினமும் புலம்புகிறார். அடிக்கடி தலைவலி, காலில் தசைப்பிடிப்பு என்கிறாள். இந்த விளையாட்டு அவள் உடம்புக்கு ஒத்துவரவில்லையோ? மாஸ்டரிடம் கேட்டால், 1964இல் ஜப்பான் பெண்கள் நள்ளிரவு வரை பயிற்சி எடுத்துத்தான் தங்கம் வாங்கினார்கள், வலியைப் பொறுக்கப் பழகட்டும் என்கிறார். நிறுத்திவிடலாமா?

ச.

அன்புள்ள தம்பி,

கிளப் தரும் தாளுக்குக் கோட்டாவில் மதிப்பில்லை. அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளில் மாவட்டத்துக்கோ மாநிலத்துக்கோ ஆடியிருக்க வேண்டும். கிளப்பில் ஆடிப் பழகிய பிள்ளை அந்த அணிகளுக்கான தேர்வுக்குத் தைரியமாகப் போய் நிற்கலாம், அவ்வளவுதான். கறுத்துப்போவதைப் பற்றி நான் எதுவும் சொல்வதாக இல்லை. பேத்தி ஆடுவதை ஒருநாள் வந்து பார்க்கும்படி அம்மாவிடம் சொல்லுங்கள்.

கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருந்த ஒன்று உங்கள் கடிதத்தில் அந்தத் தலைவலியைப் படித்ததும் மேலே வந்துவிட்டது. அந்த மைதானத்தில் கழிப்பறை இருக்கிறதா?

நீங்கள் எழுதவில்லை. இருக்காது என்றே நினைக்கிறேன். பள்ளிக் கழிப்பறைக்குள் பிள்ளைகள் எத்தனை பேர் விரும்பிப் போகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். பள்ளி விட்டதும் மைதானம், ஏழு மணிக்கு மேல் வீடு. நடுவில் ஒதுங்க இடமில்லை என்று தெரிந்த பிள்ளை மதியச் சாப்பாட்டோடு தண்ணீரை நிறுத்திவிடும். அப்புறம் சித்திரை வெயிலில் இரண்டு மணி நேரம் குதிக்கிறது, விழுகிறது, ஓடுகிறது. தலை வலிக்காதா? கால் பிடிக்காதா? வேறு காரணமும் இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். அதற்கு முன்னால், இன்று மாலை அவள் பையில் இருக்கும் தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பாருங்கள். ஒரு வருடம் பார்த்துவிட்டு அவள் உடம்பின்மேல் சந்தேகப்படுகிறீர்கள். அந்தப் பாட்டிலை ஒருநாள்கூடத் தூக்கிப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வருகிறது, தம்பி.

நான் வளர்ந்தது சாத்தான்குளம் பக்கம், செம்மண் தேரியை ஒட்டிய ஊர். வாலிபால்தான் அங்கே விளையாட்டு. பொங்கலுக்கு டியூப்லைட் கட்டி விடிய விடிய டோர்னமென்ட் நடக்கும், ஆண்களுக்கு. பெண்பிள்ளைகளையும் சேர்த்து ஒரு அணி ஆக்கியவர் ஊருக்கு வாழ வந்த ஒரு டீச்சரம்மா. பள்ளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதனால்தான் எட்டாவதோடு படிப்பை விட்டு ஓலைப்பெட்டி முடைந்துகொண்டிருந்த பிள்ளைகளும் அதில் ஆடினார்கள். என் அக்கா செட்டர். அவள் விரலில் பட்டுப் பந்து எழும்பும்போது சத்தமே கேட்காது. நான் ரொம்பச் சின்னவள், பந்து பொறுக்கிப்போடுவேன்.

மைதானத்துக்குப் பின்னால் உடைமரக் காடு இருந்தது. எல்லோரும் சேர்ந்து அங்கே போய்வருவார்கள். ஒரு கோடையில் யாரோ அந்த இடத்தை விலைக்கு வாங்கி, மரங்களை வெட்டிச் சமப்படுத்தினார்கள். முதலில் பெரிய பிள்ளைகள் வருவதை நிறுத்தினார்கள், அக்காவும்தான். மழைக்காலம் வருவதற்குள் அணியே இல்லை. ஒருத்தியும் காரணம் சொல்லவில்லை. “வயசுக்கு வந்துட்டா பொம்பளப் பிள்ளைகளுக்கு விளையாட்டுல நாட்டம் போயிரும்” என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். டீச்சரம்மாகூட அதைத்தான் நம்பினார். நாட்டம் போகவில்லை. அக்கா கொல்லைப்புறச் சுவரில் பந்தை மோதவிட்டு மோதவிட்டு ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்தவள் நான்.

இன்றைக்கும் பதின்மூன்று, பதினான்கு வயதில் பிள்ளைகள் நின்றுபோனால் அதே பேச்சுதான். நீங்கள் எழுதிய கேள்வியும் அந்தப் பேச்சில் ஒரு வகைதான். அந்த வயதில் மாதவிலக்கு ஆரம்பித்துவிடுகிறது. துணி மாற்ற இடமில்லாத மைதானத்துக்கு அந்த நாட்களில் எந்தப் பிள்ளை வரும்? மூன்று நாள், நாலு நாள் ‘வயிற்றுவலி’. ஆறுக்கு ஆறு ஆட்டம் நடக்கப் பன்னிரண்டு பேர் வேண்டும். பதினெட்டுப் பேரில் எப்போதும் இரண்டு மூன்று பேர் இப்படி நிற்பார்கள். பரீட்சை, காய்ச்சல் என்று இன்னும் ஐந்து பேர். பயிற்சி ஆட்டமே நடக்காது. ஆட்டம் நடக்காத மைதானத்துக்கு மற்ற பிள்ளைகள் எத்தனை நாள் வருவார்கள்?

இந்தக் கிளப் நின்றுவிடக் கூடாது. பள்ளி அணிக்கு, சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குள் நடக்கும் குறுவட்டப் போட்டி என்பது நாக்-அவுட். முதல் ஆட்டத்தில் தோற்றால் அந்த வருடத்துக்கு அதோடு சரி. பிளஸ் டூ முடிந்தால் மொத்த ஆட்டமும் அதோடு சரி. செட்டருக்கு வேண்டியது தினமும் நூற்றுக்கணக்கில் பந்து, வருடக்கணக்கில் அதே தோழிகள். அதைக் கிளப்தான் தர முடியும். கல்லூரிக்குப் போன பிள்ளை லீவில் வந்து ஆடலாம், கல்யாணமானவளும் வரலாம். உங்கள் மகளுக்குப் பக்கத்தில் இருபது வயதுப் பெண் ஒருத்தி நின்று பிளாக் செய்வதைப் பார்ப்பது, எந்தப் பி.டி. வகுப்பிலும் கிடைக்காத பாடம்.

ஜப்பான் கதையை மாஸ்டர் பாதிதான் சொல்லியிருக்கிறார். ஒலிம்பிக்கில் வாலிபால் முதன்முதலாகச் சேர்ந்ததே 1964 டோக்கியோவில். அந்த ஜப்பான் அணியில் பெரும்பாலோர் கைசுகா ஊரிலிருந்த நிச்சிபோ நூற்பாலையில் வேலை பார்த்த பெண்கள். பகலில் ஆலை அலுவலகத்தில் வேலை, மாலையிலிருந்து நள்ளிரவு வரை பயிற்சி, உண்மைதான். அவர்களுடைய கோச் டைமட்சு இரக்கமில்லாமல் பந்தை வீசி உருள வைத்தவர். ஆனால் அவர்கள் வளர்ந்த பெண்கள். அவர்களுக்கு மாதச் சம்பளம் இருந்தது, ஆலை விடுதி இருந்தது. விடுதியையும் சம்பளத்தையும் விட்டுவிட்டு நள்ளிரவை மட்டும் நம் ஊர் மாஸ்டர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் தசைப்பிடிப்புக்கு அது பதில் இல்லை. அவரிடம் இதை நேராகச் சொல்லுங்கள்.

மரியாதையோடு சொல்லுங்கள். ஓய்வு பெற்ற மனிதர், வீட்டில் சும்மா இருக்கலாம். தினமும் வந்து வலை கட்டி, கோடு போட்டு, யார் வீட்டுப் பிள்ளைகளுக்கோ அண்டர்ஹேண்ட் சொல்லித்தருகிறார். ஆண்களோடு ஆடி வளர்ந்தவருக்குச் சுவரோரம் போதுமாக இருந்திருக்கும், அதனால் இது அவர் கண்ணில் படவில்லை. கண்ணில் பட வைக்க வேண்டியது பெற்றோர். பதினெட்டு வீட்டில் ஒரு வீட்டுக்குமா இது தோன்றவில்லை?

பணம் பெரிதாக ஆகாது. மைதானத்தை ஒட்டி ஒரு வீடு இருக்கும், போய்க் கேளுங்கள். பஞ்சாயத்து அலுவலகமோ நூலகமோ இருந்தால் மாலை இரண்டு மணி நேரத்துக்கு அங்கே கழிப்பறைச் சாவியை வாங்குங்கள். சாவி ஒரு பெண்ணிடம் இருக்கட்டும். தினமும் ஒரு அம்மா முறை வைத்து மைதானத்தில் இருக்கட்டும், அது பாதுகாப்புக்கும் நல்லது. பள்ளிக்கு வெளியே நடக்கிற எதிலும் கேள்வி கேட்கத் தலைமை ஆசிரியர் இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள். ஒரு டப்பாவில் நாப்கினும், மூடியுள்ள ஒரு குப்பைக்கூடையும் வையுங்கள். அப்புறம் அரை மணிக்கு ஒருமுறை மாஸ்டரே விசில் அடித்துத் தண்ணீர் குடிக்கச் சொல்லட்டும். எல்லோரும் குடித்தால் யாருக்கும் கூச்சம் இருக்காது.

நிறுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். இதையெல்லாம் செய்துவிட்டு மூன்று மாதம் கழித்து அவளிடமே கேளுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே பெற்றோரைக் கூட்டுங்கள். முடிந்தால் பேச்சை உங்கள் மனைவி ஆரம்பிக்கட்டும். பிள்ளைகளிடம் அந்தக் கூட்டத்தில் எதுவும் கேட்காதீர்கள், ஆண்கள் இருக்கும்போது ஒருத்தியும் வாய் திறக்க மாட்டாள்.